ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நாமே கட்டலாம், வாருங்கள்!

(மூன்றாமாண்டு, கணிப்பொறிப் பிரிவு)



மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் எஞ்சினை அக்கக்காகக் கழற்றித் திரும்ப மாட்டி ஓட வைக்கிறார்கள். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் கருகிப்போன மோட்டாரை ரீவைண்டிங் செய்து சுற்ற வைக்கிறார்கள். சிவில்காரர்கள் கான்கிரீட்டைத் தாங்களே கலந்து, கியூப் போட்டு, உடைத்துப் பார்க்கிறார்கள். கணிப்பொறிப் பிரிவில் படிக்கும் நாம் மட்டும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று வந்தால் பென் டிரைவைச் செருகி "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்" தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். "ஓ.எஸ். இன்ஸ்டலேஷன் தெரியும்" என்று பயோடேட்டாவில் வேறு எழுதிக்கொள்கிறோம்!

அந்த ஓ.எஸ்.ஸை அதன் மூல நிரலிலிருந்து, அதாவது சோர்ஸ் கோடிலிருந்து, முழுசாக நாமே கட்ட முடியுமா? முடியும். அதுவும் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் ஒரு தடவை கட்டி, நெட்வொர்க் வழியாக மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொருத்த முடியும். போன செமஸ்டர் லீவில் எங்கள் ஊரான பந்தலூரில் ஆறு பழைய மெஷின்களில் இதைச் செய்தேன். அந்த அனுபவத்தை வைத்து விஷயத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மற்ற பிரிவு நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம்.

ஏன் இந்த வேலை?

பந்தலூர் பஜாரில் டி.டி.பி., ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் கிளாஸ் மூன்றும் சேர்ந்த ஒரு சின்ன சென்டர் இருக்கிறது. நடத்துகிற அண்ணன் எங்கள் வீட்டுக்குப் பழக்கம். எஸ்டேட் லயன்களிலிருந்து வரும் பிள்ளைகள்தான் அங்கே அதிகம் படிக்கிறார்கள். மாதம் கட்டும் ஃபீஸும் சொற்பம். கிளாஸுக்கு இருக்கும் ஆறு கம்ப்யூட்டர்களும் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. அண்ணனுடைய ஆறு மெஷினும் அதில் தேறவில்லை. "ஆறையும் எடைக்குப் போட்டுட்டு கிளாஸை நிறுத்திர வேண்டியதுதான் தம்பி" என்றார். ஆனால் மெஷின்கள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. கீபோர்டில் எழுத்து தேய்ந்திருந்ததே தவிர, பிராசஸருக்கும் டிஸ்க்குக்கும் ஒரு குறையும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். நல்ல நிலையில் ஓடுகிற மெஷினுக்கு ஆயுசு எவ்வளவு என்று முடிவு செய்வது யார்? சோர்ஸ் கம்பெனியின் பீரோவில் பூட்டியிருந்தால், முடிவும் அந்தக் கம்பெனியுடையதுதான். சோர்ஸும் அதைக் கட்டும் வித்தையும் நம்மிடம் இருந்தால், முடிவு நம்முடையது. நான் சொல்ல வந்த சங்கதி இவ்வளவுதான். மீதியெல்லாம் அந்த வித்தையைப் பற்றி.

கொழுந்தும் தூளும்

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரிகிற உதாரணம் ஒன்று சொல்கிறேன். தோட்டத்தில் கிள்ளிய கொழுந்து ஃபாக்டரிக்குப் போகிறது. அங்கே வாட்டி, அரைத்து, நொதிக்க விட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்தால் தேயிலைத் தூள். தூளை வாங்கியவர் டீ போட்டுக் குடிக்கலாம். ஆனால் தூளிலிருந்து கொழுந்தைத் திரும்ப எடுக்க முடியாது. எந்தத் தோட்டத்துக் கொழுந்து, நடுவில் வேறு ஏதாவது கலந்ததா என்பதையும் தூளைப் பார்த்தே சொல்வது கஷ்டம்.

நாம் சி மொழியில் எழுதும் புரோகிராம் கொழுந்து. கம்பைலர்தான் ஃபாக்டரி. வெளியே வரும் பைனரி தூள். கடையில் வாங்கும் ஓ.எஸ். பாக்கெட்டில் அடைத்த தூள்தான். குடிக்கலாம், மாற்ற முடியாது. சோர்ஸோடு கிடைக்கும் ஓ.எஸ்.ஸிலோ கொழுந்து, ஃபாக்டரி, பக்குவம் மூன்றும் நம் கைக்கு வருகின்றன.

சிறு விவசாயிகள் ஒவ்வொருவரும் வீட்டுக்கு வீடு ஃபாக்டரி கட்டுவதில்லை, கவனித்தீர்களா? பல பேர் கொழுந்தும் ஒரே கூட்டுறவு ஃபாக்டரிக்குப் போகிறது. ஆறு கம்ப்யூட்டருக்கும் அதே யோசனைதான். பலமான மெஷின் ஒன்று ஃபாக்டரியாக இருக்கும். மற்ற ஐந்தும் அங்கிருந்து சரக்கை வாங்கிக்கொள்ளும்.

ஏன் ஃப்ரீபிஎஸ்டி?

சோர்ஸோடு கிடைப்பது என்றதும் நமக்கு லினக்ஸ் நினைவுக்கு வரும். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் உண்மையில் கெர்னல் மட்டும்தான். கட்டளைகள் ஒரு குழுவினுடையவை, கம்பைலர் இன்னொரு குழுவினுடையது, திரை வேறொரு குழுவினுடையது. எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துத் தருவது டெபியன், உபுண்டு போன்ற டிஸ்ட்ரிபியூஷன்கள். ஆகவே லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் ஒன்றை முழுக்கக் கட்டுவது என்றால் ஆயிரக்கணக்கான பொட்டலங்களைத் தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டியின் கதை வேறு. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970-களின் கடைசியில் யூனிக்ஸிலிருந்து வளர்ந்த கிளை பி.எஸ்.டி. 1992-ல் வில்லியம் ஜோலிட்ஸ், லின் ஜோலிட்ஸ் தம்பதியர் அதைச் சாதாரண 386 பி.சி.க்குக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் 1993-ல் பிறந்தது ஃப்ரீபிஎஸ்டி. அந்த வருஷம் நவம்பரில் 1.0 வெளிவந்தது. கெர்னல், அடிப்படைக் கட்டளைகள், லைப்ரரிகள், கம்பைலர் எல்லாமே இதில் ஒரே மரமாக, ஒரே டைரக்டரிக்குள் இருக்கின்றன. பிளேஸ்டேஷன் 4-க்குள் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்ட ஓ.எஸ்.தான் என்று சொன்னால் கேம் ஆடும் நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நெட்ஃப்ளிக்ஸ் படங்களை அனுப்பும் சர்வர்களிலும் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டிதான்.

கட்டும் வரிசை

முதலில் ஒரு கோழி-முட்டைச் சிக்கல். ஓ.எஸ்.ஸைக் கட்டக் கம்பைலர் வேண்டும். கம்பைலர் ஓட ஓ.எஸ். வேண்டும். அதனால் முதல் தடவை மட்டும் ரெடிமேட் ஃப்ரீபிஎஸ்டியைப் பென் டிரைவிலிருந்து ஆறு மெஷினிலும் போட்டுக்கொண்டோம். அதன் பிறகுதான் நம் வேலை ஆரம்பம்.

1. சோர்ஸை இறக்குதல். ஃப்ரீபிஎஸ்டி சோர்ஸ் 2020 டிசம்பரிலிருந்து கிட் என்ற முறையில் வைக்கப்பட்டிருக்கிறது. பழைய சரித்திரம் முழுவதையும் இறக்காமல் கடைசி நிலையை மட்டும் இறக்கலாம். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் எங்களுக்கு இது பெரிய உபகாரம். சோர்ஸோடு "அப்டேட்டிங்" என்று ஒரு கோப்பு வரும். எதை மாற்றியிருக்கிறார்கள், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் தேதிவாரியாக இருக்கும். அதைப் படித்த பிறகுதான் அடுத்த படி.

2. மேக் பில்ட்வேர்ல்ட். கெர்னல் தவிர்த்த மற்ற அத்தனையும், அதாவது கட்டளைகள், லைப்ரரிகள், கம்பைலர் எல்லாம் சேர்ந்து "வேர்ல்ட்". உலகத்தையே கட்டு என்கிறோம்!

3. மேக் பில்ட்கெர்னல். இது கெர்னலைக் கட்டும்.

4. மேக் இன்ஸ்டால்கெர்னல். புதுக் கெர்னலைப் பொருத்தி, மெஷினை ரீபூட் செய்து, சிங்கிள் யூசர் நிலைக்குப் போக வேண்டும். வேறு எந்தப் புரோகிராமும் தொந்தரவு செய்யாத நிலை இது.

5. மேக் இன்ஸ்டால்வேர்ல்ட். புது வேர்ல்டைப் பொருத்துவது. இதற்கு முன்னும் பின்னும் ஈ.டி.சி.அப்டேட் என்ற கருவியை ஓட்ட வேண்டும். மெஷின் பெயர், ஐ.பி. முகவரி, யூசர் கணக்குகள் போன்ற நம் சொந்த அமைப்புகளை அழிக்காமல், புதிதாக வந்த மாற்றங்களை அவற்றோடு சேர்த்துக் கொடுப்பது அதன் வேலை.

6. மேக் டெலீட்-ஓல்ட். இனி தேவைப்படாத பழைய கோப்புகளைக் கழித்துவிட்டு ரீபூட்.

கெர்னலை முதலில் மாற்றிவிட்டு வேர்ல்டைப் பிறகு மாற்றுவது ஏன்? புதுக் கெர்னல் பழைய புரோகிராம்களைத் தாங்கும். ஆனால் புதுப் புரோகிராம்கள் கேட்கும் புது சிஸ்டம் கால் பழைய கெர்னலில் இல்லாமல் போகலாம். தலைகீழாகச் செய்தால் சாதாரணக் கட்டளைகூட ஓடாமல் மெஷின் பாதிவழியில் நின்றுவிடும். கொழுந்தை வாட்டாமல் நேரே அரைப்பில் போடுவது போலத்தான்.

இரண்டாம் படியின் உள்ளே இன்னொரு அழகு இருக்கிறது. பழைய கம்பைலரை வைத்து நேராகப் புது ஓ.எஸ்.ஸைக் கட்டுவதில்லை. அவசியமானால் முதலில் புதுக் கம்பைலரைக் கட்டுகிறது. அந்தப் புதுக் கம்பைலரால் லைப்ரரிகளை, பிறகு மற்ற எல்லாவற்றையும் கட்டுகிறது. பழைய ஃபாக்டரியை வைத்துப் புது ஃபாக்டரியை எழுப்பி, அதில் கொழுந்தைப் போடுகிறார்கள். 2014 ஜனவரியில் வந்த 10.0-லிருந்து ஃப்ரீபிஎஸ்டியின் வழக்கமான கம்பைலர் கிளாங். நேரத்தில் பெரும் பங்கை விழுங்குவது இந்தக் கம்பைலர் குடும்பம்தான். எங்கள் ஃபாக்டரி மெஷினில் ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் வந்து பார்த்த அண்ணன், "இன்னுமா அரைக்குது?" என்று கேட்டார்.

ஒன்று கட்டும், ஐந்து வாங்கும்

ஆறு மெஷினுக்கும் எங்கள் தாலுகா ஊர்ப் பெயர்களை வைத்தோம். எட்டு ஜி.பி. மெமரியும் நாலு கோரும் உள்ள மெஷின் "தேவாலா", அதுதான் ஃபாக்டரி. மற்றவை சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி, பிதர்காடு, உப்பட்டி. எல்லாவற்றையும் ஒரு எட்டு போர்ட் சுவிட்சில் இணைத்தோம்.

தேவாலாவில் இரண்டு டைரக்டரிகள் முக்கியம். யூ.எஸ்.ஆர். அடியில் இருக்கும் எஸ்.ஆர்.சி. என்பது சோர்ஸ், அதாவது கொழுந்துக் கிடங்கு. அதே யூ.எஸ்.ஆர். அடியில் இருக்கும் ஓ.பி.ஜே. என்பது கட்டி முடித்த சரக்கு. இந்த இரண்டையும் என்.எஃப்.எஸ். மூலம் மற்ற ஐந்து மெஷினுக்கும் திறந்துவிட வேண்டும். என்.எஃப்.எஸ். என்பது 1980-களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த முறை. வேறொரு மெஷினில் இருக்கும் டைரக்டரி, நம் மெஷினிலேயே இருப்பது போல் தெரியும். பிறகு ஐந்து மெஷினிலும் இரண்டாவது, மூன்றாவது படிகளே கிடையாது. நேராக நான்காவது படி, ஐந்தாவது படி. தேவாலாவில் ஒரு ராத்திரி பிடித்த வேலை, சேரம்பாடியில் ஒரு டீ குடித்து வரும் நேரத்தில் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விதிகள் நான்கு.

ஒன்று: எல்லா மெஷினிலும் அந்த இரண்டு டைரக்டரிகளும் அதே பாதையில், அதே பெயரில் மவுண்ட் ஆக வேண்டும். கட்டும்போது பாதையும் சரக்கோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது.

இரண்டு: எது வேண்டும், எது வேண்டாம் என்று குறிக்கும் எஸ்.ஆர்.சி. டாட் கான்ஃப் என்ற கோப்பு எல்லா மெஷினிலும் ஒன்றாக இருக்க வேண்டும். புளூடூத், டெஸ்ட் புரோகிராம்கள், டீபக் கோப்புகள் ஆகிய மூன்றையும் நாங்கள் வேண்டாம் என்று குறித்தோம். ஒரு மெஷினில் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தால், கட்டாத சரக்கைப் பொருத்தச் சொல்லி அது அழும்.

மூன்று: பிராசஸர் விஷயம். கட்டும் மெஷினின் பிராசஸருக்கென்றே பிரத்தியேகமாகக் கட்டினால் அதில் கொஞ்சம் வேகமாக ஓடலாம். ஆனால் அதே சரக்கை அதைவிடப் பழைய பிராசஸரில் போட்டால், தெரியாத கட்டளை என்று புரோகிராம் அப்படியே விழுந்துவிடும். ஆறில் எது மிகப் பழசோ அதற்கும் பொருந்துகிற மாதிரிதான் கட்ட வேண்டும்.

நான்கு: ஐந்தில் ஒன்றைச் சோதனை மெஷினாக வைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அது சேரம்பாடி. அதில் மட்டும் முதலில் பொருத்தி, இரண்டு நாள் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்து, பிரச்னை இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றவை. முதல் சலிப்புத் தூளை டீ போட்டு ருசி பார்க்காமல் மூட்டை கட்டுவார்களா?

மழை, கரண்ட், கடிகாரம்

தேவாலா, பந்தலூர் பக்கத்து மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன், ஜூலையில் மரம் விழும், கம்பி அறும், கரண்ட் போகும். ராத்திரி முழுக்க ஓட வேண்டிய வேலைக்கு இது ஒத்து வருமா?

ஒத்து வரும், காரணம் இந்த முறையின் அமைப்பு. பில்ட்வேர்ல்ட் ஓடும்போது வரும் சரக்கெல்லாம் ஓ.பி.ஜே. டைரக்டரிக்குள்தான் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஓ.எஸ்.ஸை அது தொடுவதே இல்லை. பாதியில் கரண்ட் போனால் நஷ்டம் நேரம் மட்டும்தான். அதிலும் மெட்டா மோட் என்ற வசதியை முன்கூட்டியே போட்டுவைத்தால், கட்டி முடித்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் தொடரும். எங்களுக்கு முதல் ராத்திரியே இரண்டு மணி வாக்கில் கரண்ட் போனது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஓடியது.

பயப்பட வேண்டிய நேரம் இன்ஸ்டால்வேர்ல்ட். அது ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் மேலேயே கை வைக்கிறது. அந்தச் சில நிமிஷங்களுக்கு யூ.பி.எஸ். கட்டாயம். இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையில் ஃப்ரீபிஎஸ்டியைப் போட்டிருந்தால் இன்னொரு காப்பும் உண்டு. 2018-ல் வந்த 12.0-லிருந்து பி.இ.சி.டி.எல். என்ற கட்டளை சிஸ்டத்தோடு சேர்ந்தே வருகிறது. பொருத்துவதற்கு முன் இருக்கும் நிலையை அதன் மூலம் ஒரு பெயர் வைத்துப் பத்திரப்படுத்தலாம். புதுசு சரியில்லை என்றால் பூட் ஆகும்போதே பழைய நிலையைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம்.

கடிகாரம் விஷயம் வேடிக்கையானது. மேக் என்ற புரோகிராம் கோப்புகளின் தேதியையும் நேரத்தையும் பார்த்துத்தான் வேலை செய்கிறது. சோர்ஸைவிடச் சரக்கு புதிதாக இருந்தால் கட்ட வேண்டாம், பழசாக இருந்தால் கட்ட வேண்டும். எருமாடு மெஷினில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய், ஸ்விட்ச் போடும்போதெல்லாம் பல வருஷம் பின்னால் போய் நின்றது. மெஷின்களுக்குள் நேரம் ஒத்துப்போகாவிட்டால் மேக்கின் கணக்கு தப்பும். முடிந்த சரக்கைப் "பழசு" என்று நினைத்து, பொருத்தும் நேரத்தில் திரும்பக் கட்ட முயன்று நின்றுவிடும். காசு கொடுத்துப் புது காயின் பேட்டரி போட்டு, தேவாலாவையே நேரக் காவலனாக வைத்து மற்ற ஐந்தையும் அதன் நேரத்துக்கு ஒத்துப்போகச் செய்தோம். லேபில் செய்யப் போகிறவர்கள் முதலில் கடிகாரங்களைப் பாருங்கள்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

கட்டும் வேலையையே பல மெஷினுக்குப் பங்கு போடும் வழியும் உண்டு. 2002-ல் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் பூல் வெளியிட்ட டிஸ்ட்சிசி என்ற கருவி, ஒவ்வொரு சி கோப்பையும் நெட்வொர்க்கில் சும்மா இருக்கும் மெஷினுக்கு அனுப்பி கம்பைல் செய்து வாங்கும். பெரிய புரோகிராம் ஒன்றைக் கட்ட நல்ல வழி. ஆனால் எல்லா மெஷினிலும் ஒத்துப்போகும் கம்பைலர் இருக்க வேண்டும். கம்பைலரையே நடுவில் புதிதாகக் கட்டிக்கொள்ளும் பில்ட்வேர்ல்டுக்கு அது நேராகப் பொருந்தாது.

டெபியன் லினக்ஸ் செய்வது உலகளாவிய கூட்டுறவு ஃபாக்டரி. ஒருவர் பொட்டலத்தின் சோர்ஸை அனுப்பினால், ஒவ்வொரு வகைப் பிராசஸருக்கும் என்று இருக்கும் கட்டும் மெஷின்கள் அதை வரிசையில் எடுத்துத் தானாகவே கட்டிக் கொடுக்கின்றன.

அந்த டெபியனை எடுத்து நம் சென்னையிலேயே ஒரு ஓ.எஸ். செய்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை சி-டாக் நிறுவனத்திலிருந்து 2007 ஜனவரியில் முதல் பதிப்பு வந்த பாஸ் லினக்ஸ்தான் அது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. பந்தலூர் அண்ணன் முன் நின்ற அதே கேள்வி, பதினோரு வருஷம் முன்பே அரசாங்கத்தின் முன்னும் நின்றிருக்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் அண்ணன் அக்காமார் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்களோ!

எங்கள் ஊரிலிருந்து சேரம்பாடி தாண்டினால் கேரளா, வயநாடு. அங்கே அரசுப் பள்ளிகளில் 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பிற்பாடு சோர்ஸோடு கிடைக்கும் மென்பொருளுக்கே மாறியது. இப்போது கைட் என்ற பெயரில் இயங்கும் அந்த நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பைத் தயாரித்துத் தருகிறது. செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஐ.டி. பாடத்தை லினக்ஸில் படிக்கிறது.

இன்னொன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி பிராசஸர் ரிஸ்க்-வி வகையைச் சேர்ந்தது. புது வகைப் பிராசஸர் ஒன்று பிறக்கும்போது அதற்கு ரெடிமேட் ஓ.எஸ். எங்கும் இருக்காது. வேறொரு மெஷினில் உட்கார்ந்து சோர்ஸிலிருந்துதான் கட்ட வேண்டும். இதற்கு கிராஸ் கம்பைல் என்று பெயர். ஃப்ரீபிஎஸ்டியில் எந்தப் பிராசஸருக்கு வேண்டும் என்று குறித்து அதே பில்ட்வேர்ல்டை ஓட்டினால் போதும். இந்த வித்தை தெரிந்தவர்கள் நம் நாட்டுக்கு வேண்டும் என்பது உங்களுக்கே புரியும்.

கலப்படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன், டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரை 1984-ல் அச்சில் வந்தது. அதில் அவர் காட்டிய சூழ்ச்சி இது: கம்பைலருக்குள்ளேயே திருட்டு வேலையை ஒளித்து வைத்தால், சோர்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பைனரியில் திருட்டு வாசல் வந்துவிடும். சோர்ஸைப் படித்தவனும் ஏமாறுவான்.

நாற்பது வருஷம் கழித்து வேறு வகையில் ஒன்று நிஜமாகவே நடந்தது. 2024 மார்ச் கடைசியில், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டு வாசல் இருப்பதை ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்பவர் கண்டுபிடித்தார். வேறு மெஷினுக்குள் லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை செகண்ட் அதிகமாகிறதே என்று தோண்டப் போய்க் கிடைத்தது! எல்லோரும் பார்க்கும் கிட் சோர்ஸில் அதன் முக்கியத் துண்டு இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிவைத்த பொட்டலத்தில் மட்டும் அதை நுழைத்திருந்தார்கள். கொழுந்து சுத்தம், மூட்டையில் கலப்படம்.

இதற்கு மாற்றாக டெபியன் முதலிய குழுக்கள் 2013 முதல் ஒரு முயற்சி செய்து வருகின்றன. ஒரே சோர்ஸை யார், எங்கே, எப்போது கட்டினாலும் ஒரு பிட் கூட மாறாத அதே பைனரி வர வேண்டும் என்பது குறிக்கோள். அப்படி வந்தால் சென்னையில் ஒருவர் கட்டியதையும் பெர்லினில் ஒருவர் கட்டியதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது கட்டும் முறையில் கோளாறு. பல மெஷின்களில் கட்டுவதற்கு வேகம் மட்டுமல்ல, சாட்சியும் ஒரு காரணம்.

நியாயமான ஒரு கேள்வி

"மாப்ளே, கடையில ரெடிமேட் சட்டை தொங்குது. நீ பருத்தி விதைக்கப் போறியா?" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. இன்றைக்கு ஃப்ரீபிஎஸ்டியிலேயே ரெடிமேட் அப்டேட்டை இறக்கிப் போடும் வழி இருக்கிறது. வீட்டில் ஒரு மெஷின் வைத்திருப்பவருக்கு அது போதும். ஆஃபீஸ் வேலை, பிரவுசர் போன்ற மற்ற மென்பொருள்களை நாங்களும் ரெடிமேடாகத்தான் போட்டோம்.

ஆனால் ஒரே மாதிரி பல மெஷின்கள் இருக்கும் இடத்தில், நெட் மெதுவாக வரும் ஊரில், தேவையில்லாததைக் கழித்து இளைத்த ஓ.எஸ். வேண்டும் என்கிறபோது இந்த முறைக்குப் பலன் உண்டு. பாதுகாப்புக் குறை வந்தால் சிறிய பேட்ச் கோப்பு ஒன்றை மட்டும் இறக்கி, சோர்ஸில் ஒட்டி, தேவாலாவில் கட்டி, ஐந்துக்கும் பொருத்திவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் நாம் மனப்பாடம் செய்யும் கெர்னல், சிஸ்டம் கால், லைப்ரரி, பூட்டிங் எல்லாம் கண் முன்னால் வரிசையாக நடக்கின்றன. பேப்பரில் எழுதும்போது புஸ்தகத்தை நினைக்க வேண்டியதில்லை. திரையில் ஓடியதை நினைத்தால் போதும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். டி.டி.பி. வேலைக்குக் கஸ்டமர்கள் கொண்டுவரும் ஃபைல்கள் விண்டோஸ் மென்பொருளில்தான் திறக்கின்றன. அதற்கென்று அண்ணன் தன் லேப்டாப்பில் விண்டோஸ் 11 வைத்துக்கொண்டிருக்கிறார். கிளாஸ் மெஷின்கள் ஆறும் எடைக்குப் போகவில்லை. பிள்ளைகள் அவற்றில் தமிழ் 99 விசைப்பலகையில் டைப் அடிக்கிறார்கள், சி புரோகிராம் எழுதுகிறார்கள்.

நீங்களும் செய்யலாம்

ஆறு மெஷின் தேவையில்லை, இரண்டு போதும். ஒன்று கட்டட்டும், ஒன்று வாங்கட்டும். மெமரி எட்டு ஜி.பி. இருந்தால் நல்லது. டிஸ்க்கில் ஐம்பது ஜி.பி. காலியாக இருந்தால் நிம்மதி. ஃப்ரீபிஎஸ்டி ஹேண்ட்புக் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பல மெஷின்களுக்குக் கட்டுவது பற்றித் தனிப் பகுதியே உண்டு. முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிடுங்கள். கடிகாரம், பாதை, கான்ஃப் கோப்பு, யூ.பி.எஸ். நான்கையும் சரிபாருங்கள். சாயங்காலம் மேக் பில்ட்வேர்ல்ட் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

லேபில் மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தால், கண்டம் செய்வதற்கு முன் ஹெச்.ஓ.டி.யிடம் அனுமதி கேட்டு இரண்டை எடுங்கள். மெக்கானிக்கல் நண்பன் எஞ்சின் ஓவர்ஹால் செய்து காட்டும்போது, "நாங்களும் ஒண்ணு கழற்றி மாட்டிருக்கோம்டா" என்று நிமிர்ந்து சொல்லலாம்.